அரைக் கிலோ பயம்

எங்கள் யூனிட்டில் எடை மேடைமேல் யாரும் கால் வைக்கக் கூடாது. எழுதி ஒட்டிய விதி இல்லை. வெளுத்து, அலசி, சூட்டில் காய்ந்து வருகிற காஸ் துணி அந்த மேடைமேல்தான் உட்கார்ந்து எழுந்து போகும். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ, யாருடைய திறந்த புண்மேலோ படுக்கப் போகிற துணி. அது உட்காருகிற இடத்தில் மிதிப்பதா? இராஜபாளையத்தில் பேண்டேஜ் வேலை பார்த்த பெண்கள் நாங்கள் கோயில் படியை மிதிப்போம், அந்த மேடையை மிதிக்க மாட்டோம்.

அதனால்தான் அண்ணன் எடை பார்க்க வந்த முதல் சனிக்கிழமை, மூலையில் சாத்தியிருந்த வேப்பம்பலகையை எடுத்து மேடைமேல் போட்டேன். “இதுல ஏறு” என்றேன். ஏறினான். அறுபத்தொன்பது காட்டியது.

பலகையின் எடையை நான் கழிக்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை துணித்தட்டின் எடையைக் கழித்துச் சீட்டு எழுதுகிறவள் நான். துணி என்றால் கை தானாகக் கழிக்கும். மேடைமேல் மனிதன் நின்றபோது கழிக்கத் தோன்றவில்லை. ஐந்து வாரம் எனக்கே தெரியாமல் இருந்த இதை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட இது வித்தை இல்லை. அண்ணனின் உடம்பு.

எண்பதுகள் முடியப்போகிற ஒரு மாசி அது. அண்ணன் நூற்பு மில்லில் பதிலி. பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத அன்றைக்கு மட்டும் வேலை. ஷிப்டுக்கு ஷிப்டு மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் நோட்டோடு வந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் உள்ளே, இல்லையென்றால் வீட்டுக்கு. ஆறு வருடம் அப்படி நின்றான். மதினிக்கு அவன் போகும்போது சோறு கட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்பதே தினமும் ஒரு குழப்பம். கட்டிக் கொடுத்த சோறு கால் மணி நேரத்தில் வீட்டுக்கே திரும்பி வரும் நாட்கள் உண்டு.

ஆனால் அண்ணன் கபடி ஆடுவான். ஆடுவான் என்று சொன்னால் போதாது. பாடுவான். எதிராளி கட்டத்துக்குள் ஒரே மூச்சில் “கபடி கபடி” என்று பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டு, மூச்சு அறுமுன் திரும்ப வேண்டும். மற்றவர்கள் பாட்டு நாய் இரைப்பது போல இருக்கும். அவன் பாட்டு தறி ஓடுகிற மாதிரி, ஒரே சீராக, எங்கே மூச்சு இருக்கிறது என்று தெரியாமல் ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். எதிர் செட்டுக்குத் தூக்கம் போகும்.

அந்த வருடம் மாவட்ட கிளப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கோப்பை வைத்தார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை. தோற்ற செட் வெளியே. கடைசி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மில் மேனேஜர் அண்ணனையும் மற்ற ஆறு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஏழு பேருமே பதிலிகள். “கப்பக் கொண்டாங்க, ஏழு பேத்தையும் பெர்மனென்ட் ஆக்குதேன்” என்றார். அன்று அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தவுடன் மதினியைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “இனிமே சோத்த யோசிக்காமக் கட்டு.”

ஒரே ஒரு சிக்கல். அது அறுபத்தைந்து கிலோ ஆட்டம். அதற்கு மேல் எடை இருப்பவன் களத்தில் இறங்க முடியாது.

ஆட்டம் நடக்கிற காலை, கபடிச் சங்கத்துக்காரர்கள் ஓர் எடை மேடையை டெம்போவில் கொண்டு வருவார்கள். கம்பியில் நகர்கிற குண்டை அறுபத்தைந்தில் நிறுத்தி, நூல் சுற்றி, அரக்கு வைத்து முத்திரை போட்டிருப்பார்கள். ஏறி நின்றால் கம்பி எழும்பக் கூடாது. எழும்பாவிட்டால் பாஸ். எவ்வளவு குறைவு என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அரைக் கிலோ குறைந்தவனும் ஐந்து கிலோ குறைந்தவனும் அந்தத் தராசுக்கு ஒன்றுதான்.

அண்ணன் உண்மையில் அறுபத்தேழு. இரண்டு கிலோ இறக்கினால் போதும். என் பலகை அறுபத்தொன்பது என்றது. நாங்கள் நாலு கிலோ இறக்கினோம்.

இறக்குகிற இடம் என்னிடம் இருந்தது. சூட்டு அறை. நீராவிக் குழாய்கள் சுவரோரம் பாம்பு மாதிரி மடங்கி மடங்கிப் போகும். ஈரத் துணியைத் தள்ளுவண்டிகளில் தொங்கவிட்டு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். சனிக்கிழமை நாலு மணிக்கு வேலை முடியும். பாய்லரை அணைத்துவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். அந்த அறையின் சூடு மட்டும் போகாது. ஆறு, ஆறரை வரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் நான்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போவான். நான் வெளியே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். கால் மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்து அவனும் தட்டுவான். அதுதான் பேச்சு. வெளியே வரும்போது கழிவு காஸால் துடைத்துக்கொள்வான், பலகையில் ஏறுவான், முள்ளைப் பார்ப்பான், மறுபடி உள்ளே போவான். அறுபத்தைந்து காட்டும்வரை. அதன் பிறகு மறுநாள் எடை பார்க்கிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

“ஏட்டி, நல்லாப் பாரு. ஒன் துணியவிட நல்லா வெளுத்துருக்கேனா?” என்றான் முதல் வாரம்.

“கஞ்சி போடத்தான் பாக்கி.”

“கஞ்சின்னு சொல்லாத. வவுறு கேட்டுட்டு வம்பு பண்ணுது.”

சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் பல் கூசுகிறது.

முதல் ஞாயிறு ஜெயித்தோம். இரண்டாவது ஞாயிறும். வெளியூர்க்காரர்கள் கோட்டோரம் நின்று, “ஏலே, மில்லு செட்டு! பஞ்சுப் பயலுவளா! ஊதுனாப் பறந்துருவீகடா!” என்று கத்துவார்கள். எங்கள் கேப்டன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பெரிய உடம்பு, ஆனால் எப்படியோ அறுபத்தைந்துக்குள் நிற்கிற உடம்பு. எதற்கும் “பர்வாலேது, பர்வாலேது” என்பார், பரவாயில்லை என்று. அவர் திரும்பி நின்று, “பஞ்சுதான்டா. மூக்குல வச்சா தெரியும்” என்றார். கூட்டமே சிரித்தது. அன்று அண்ணன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினான். மேனேஜரின் ஜீப் முதல் முறையாக மைதானத்தோரம் வந்து நின்றது.

ஜெயிக்க ஜெயிக்க அண்ணன் குறைந்துகொண்டே வந்தான். வாரத்தில் நாலு நாள் தின்று தேறுவான், மூன்று நாள் வற்றுவான். ஒவ்வொரு முறையும் தேறுவது கொஞ்சம் குறைந்தது, வற்றுவதற்கு மட்டும் கூடுதல் நேரம் பிடித்தது. முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் விட்ட வேர்வையை நாலாம் வாரம் இரண்டு மணி நேரம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கல்யாண மோதிரம் விரலில் நிற்கவில்லை; மதினி அதில் நூல் சுற்றிக் கொடுத்தாள். நாக்கு வெள்ளையாய்த் தடித்திருந்தது. ஒரு நாள் மதினி குழாயடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஒங்கண்ணன் ஒண்ணுக்கு காப்பித் தண்ணி மாதிரி போகுதாம். வெளிய சொல்லாதங்காக. நான் ஒங்கிட்டயாது சொல்லணும்லா?”

மூன்றாம் ஞாயிறு ஆட்டம் முடிந்து டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அவன் கால் இழுத்துக்கொண்டது. ஆடுசதை கல்லாய்ச் சுருண்டு எழும்பி நின்றது. நாலு பேர் பிடித்து நீவினார்கள். பஸ் நின்றது. டிரைவர், “என்னப்பா, பிரசவமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகப் போனது.

மறுநாள் எங்கள் யூனிட்டுக்குத் துணி எடுக்க ஒரு கம்பவுண்டர் வந்தார். வத்திராயிருப்புப் பக்கம் ஏதோ கிளினிக். சீட்டு எழுதிக்கொண்டே, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல அவரிடம் கேட்டேன். அவர் துணியை எண்ணியபடியே பதில் சொன்னார்.

“தண்ணியும் இல்லாம வேர்வையும் விட்டா ஒடம்புல உப்பு போயிரும்மா. மொதல்ல காலு இழுக்கும். பொறவு பேச்சு தட்டும். பொறவு…” கையை நெஞ்சில் வைத்து எடுத்தார். “யாரு, ஒங்க வீட்டு ஆளா?”

“இல்ல. பக்கத்து வீடு.”

“பக்கத்து வீட்டுல சொல்லி வையி.”

மூன்று படி. முதல் படியை ஏற்கனவே ஏறியாயிற்று. அதற்கப்புறம் நான் அண்ணன் பேசுவதை வேறு காதால் கேட்க ஆரம்பித்தேன். சொல் வரத் தாமதமானால் மனதுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். அவன் “மம்பட்டி” என்று சொல்ல வந்து செத்த நேரம் யோசித்தால், நான் அடுப்படியில் நின்றுகொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

பங்குனி பிறந்தது. மேற்கே மலையில் தீ பிடித்தது. செண்பகத்தோப்புக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, சாயங்காலமானால் தெரியும். யாரோ மலையின் முதுகில் மெல்லக் கீறிக்கொண்டு போவதுபோல் இருக்கும். காலையில் வேப்பிலை மேலெல்லாம் சாம்பல். வனத்துறை ஆட்கள் லாரியில் போவார்கள், வருவார்கள். கோடு மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும்.

ஐந்தாம் ஞாயிறு, அரையிறுதி, எங்கள் ஊரிலேயே. இரண்டாம் பாதியில் அண்ணன் பாடிப் போனான். கோட்டைத் தாண்டி ஆறேழு அடி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. மூச்சு அறவில்லை, பாட்டுதான் நின்றது. எதிராளிகள் ஏழு பேரும் பாய மறந்து அவனைப் பார்த்தார்கள். அவன் அவர்கள் கட்டத்தின் நடுவில் நின்று, மேற்கே மலையைப் பார்த்தான். எந்தப் பக்கம் தன் பக்கம் என்று தேடுகிற முகம். அப்புறம் ஒருவன் மெதுவாக வந்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கினான்.

“ஏலே, பாட்டுக்காரனுக்குப் பாட்டு மறந்து போச்சுடோய்!” கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது.

அவன் வெளியே உட்கார்ந்தபின் கேப்டன்தான் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். எல்லோரும் கேப்டனைத் தூக்கினார்கள். நான் அண்ணன் பக்கத்தில் போனேன்.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. அந்தத் தீ… எம்புட்டுக் கீழ வந்துருச்சு பாரு.”

பகல் நாலு மணி. தீ தெரிகிற நேரமே அல்ல.

அந்த வியாழக்கிழமை எங்கள் துணித்தட்டின் காது ஒடிந்துபோய் வெல்டிங்குக்கு அனுப்பினோம். தட்டு வரும்வரை அந்த வேப்பம்பலகைமேல் துணியை வைத்து நிறுத்தோம். என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பலகையக் கழிச்சியா?”

“எந்தப் பலகை?”

“இந்தா கெடக்குல்லா, இந்தப் பலகை. துணி மட்டும் இம்புட்டா இருக்கும்? தூங்குதியாட்டி?”

துணியை இறக்கிவிட்டுப் பலகையை மட்டும் வைத்தாள். இரண்டு கிலோ. சுத்தமாக இரண்டு.

அவள் அடுத்த துணிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். ஐந்து சனிக்கிழமைகள் என் கண்முன் வரிசையாய் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ அண்ணன், தேவையே இல்லாமல், என் கழிவு காஸில் துடைத்து எறியப்பட்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் கேப்டனும் அண்ணனும் உட்கார்ந்து வில்லிபுத்தூர் செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“அண்ணே, பலகையே ரெண்டு கிலோ. நான் கழிக்காம விட்டுட்டேன். உன்னைய ரெண்டு கிலோ கூடுதலா வத்த வச்சுட்டேன். இந்த வாரம் அறுபத்தேழு காட்டுனாப் போதும்ணே.”

அண்ணன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் தாடையைச் சொறிந்தார்.

“பர்வாலேது, பர்வாலேது. இப்ப அத ஏன் கெளப்புத பாப்பா? அஞ்சு வாரம் அந்தப் பலகைல நின்னு அறுபத்தஞ்சு காட்டுனான். அஞ்சு வாரமும் அங்க கம்பி எந்திரிக்கல. கடசி ஆட்டத்துல போயி எவனாவது வழிய மாத்துவானா?”

“கூடுதலா வத்துனா உசுருக்கு ஆபத்துண்ணே.”

“ஏட்டி, ஒன் தராசும் அவிய தராசும் ஒண்ணுன்னு எவன் சொன்னான்?” அண்ணன் நிதானமாகத்தான் கேட்டான். “அவிய தராசு எப்படின்னு யாருக்குத் தெரியும்? அந்த ரெண்டு கிலோ போயித்தான் நான் பாஸானேனோ என்னமோ. இங்க அறுபத்தஞ்சு காட்டுனா அங்க பாஸ். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அரக்கு வைத்த அந்தத் தராசு ஐந்து வாரமும் வாயைத் திறக்கவில்லையே.

“காலு இழுத்துச்சு. பேச்சு தட்டுச்சு. அடுத்து நெஞ்சுன்னு கம்பவுண்டர் சொல்லுதாரு.”

“கம்பவுண்டரா எனக்குப் பெர்மனென்ட் குடுப்பாரு?”

“நான் சாவி தர மாட்டேன்.”

“தராட்டிப் போ. செங்கச் சூளைல போயி உக்காருதேன். அங்க கதவத் தட்டக்கூட ஆளு கெடையாது.”

உள்ளேயிருந்து மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்று, கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது.

சனிக்கிழமை அவன் வருவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். எடை மேடையில் பின்பக்கம் ஒரு திருகு உண்டு. சும்மா இருக்கும்போது தராசு சுழியில் நிற்பதற்காக. பலகையை மேடைமேல் வைத்தேன். பலகை எடையும் சேர்ந்து சுழியாகிறவரை திருகினேன். இனி பலகை இல்லாத மாதிரி. அது நியாயம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அலமாரியிலிருந்து அரைக் கிலோ படிக்கல்லை எடுத்துப் பலகைமேல் வைத்து, இரண்டும் சேர்ந்து சுழியாகும்வரை இன்னொரு சுற்றுத் திருகினேன். பிறகு கல்லை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

இரண்டு கிலோ பலகைக்கு. அரைக் கிலோ என் பயத்துக்கு. இராத்திரி தண்ணீர் இல்லாமல் கிடந்தால் அது தானாக இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நெஞ்சுக்கு நான் வைத்த தலையணை மாதிரி அது. அப்படித்தான் நினைத்தேன்.

அன்று அவன் சீக்கிரமே வெளியே வந்தான். பலகையில் ஏறினான். அறுபத்தைந்து. நம்ப முடியாமல் இறங்கி மறுபடி ஏறினான்.

“பாத்தியா? ஒடம்பு பழகிருச்சு. சும்மா பயந்து சாவுத.”

அவன் முகத்தில் அப்போதுதான் ஐந்து வாரம் கழித்து வேர்வை தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சாவியைப் பூட்டில் திருகி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஞாயிறு. பள்ளிக்கூட மைதானம். பத்து மணி வெயில் பாத்திரத்தில் ஊற்றி வைத்த மாதிரி தளும்பாமல் நின்றது. மேற்கே மலை புகைக்குள் மறைந்துபோய், இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. எடை பார்க்கிற இடத்தில் ஆண்கள் டவுசரோடு நிற்பார்கள் என்பதால் மதினியும் நானும் சுவரோரம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவில் செட்டுக்கான தண்ணீர்க்குடம்.

பார்க்க முடியாததால் கேட்டேன். ஒவ்வொருவராக ஏறுகிற சத்தம், மேடை கிறீச்சென்று அமுங்குகிற சத்தம், சங்கத்துக்காரர் “ம், எறங்கு” என்பது. ஆறு தடவை. ஏழாவது தடவை மேடை கிறீச்சிட்டது. பிறகு இரும்பில் இரும்பு தட்டுகிற சின்னச் சத்தம். டக். கம்பி எழும்பி மேல் சட்டத்தில் இடித்த சத்தம்.

மதினி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரம். என் கை காய்ந்து கிடந்தது.

“மயிரிழைதான். இருந்தாலும் எந்திரிக்கே” என்றார் சங்கத்துக்காரர். “அரை மணி நேரம் தாரேன். எறக்கிட்டு வா. அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

கேப்டன் கம்பளியை அவன்மேல் போட்டார். அண்ணன் ஓட ஆரம்பித்தான். மைதானத்தைச் சுற்றி, பங்குனி வெயிலில், கம்பளிக்குள். வில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

“ஏலே, மில்லு கரி இல்லாம ஓடுதுடா!”

“அண்ணாச்சி, இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா நெட்டிலிங்கமரம் ஆயிருவீக!”

“தேருக்கு வடம் புடிக்க ஆளு பத்தல, அந்தாளக் கூப்புடுங்கலே!”

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. ஒவ்வொரு முறையும் எங்களைக் கடக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் நெற்றி காய்ந்திருந்தது. காய்ந்து, சிவந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. சூட்டு அறையில் எட்டு வருடம் துணி காயப்போட்டவளுக்கு ஈரம் முடிந்துபோன ஒன்றைப் பார்த்தால் தெரியும். அதற்குமேல் உள்ளே வைத்தால் துணி கருகும்.

நான் எழுந்து ஓடுபாதையில் போய் நின்றேன்.

“அண்ணே, நில்லு.”

“தள்ளு.”

“நில்லுண்ணே. நாந்தான் செஞ்சேன்.”

அவன் என்னை இடித்துக்கொண்டு நின்றான். கம்பளிக்குள்ளிருந்து அனல் அடித்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

“நேத்து நீ வாரதுக்கு முன்ன தராசத் திருகுனேன். அரைக் கிலோ கூட வச்சேன். நாந்தான் வச்சேன். பலகையில்ல. நான்.”

சொன்னது அவனுக்குள் இறங்கச் செத்த நேரம் பிடித்தது. உதடு இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாவது முறைதான் சொல் வந்தது.

“எம்புட்டு?”

“அரைக் கிலோ.”

“எதுக்குட்டி?”

“பயமா இருந்துச்சு.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடப் பார்த்தான். நாலு அடி. கால் இழுத்தது. உட்கார்ந்தான், விழவில்லை, வேண்டுமென்றே உட்கார்ந்ததுபோல மெதுவாக மண்ணில் உட்கார்ந்தான். ஜீப்பைப் பார்த்தான். எடை மேடையைப் பார்த்தான். கையை நெஞ்சின்மேல் வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பவன்போல் தலையைச் சாய்த்தான்.

“தண்ணி” என்றான்.

கேப்டன் கத்திக்கொண்டே ஓடி வந்தார். “குடிக்காதலே! இன்னும் பத்து நிமிசம் கெடக்கு! மயிரிழைதான்லே! குடிக்காத!”

மதினி ஏற்கனவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குடத்தை அவன் வாயருகே பிடித்தாள். கேப்டன் அவள் கையைத் தொட முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் ஒரு கணம் குடத்தின் விளிம்பில் உதட்டை வைத்தபடியே இருந்தான். அப்புறம் குடித்தான். முதல் மடக்கு உள்ளே இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்தாமல் குடித்தான், ஒரே மூச்சில், அவன் பாடுவதுபோல. தண்ணீர் தாடையில் வழிந்து, கம்பளியில் வழிந்து, மண்ணில் போனது. கேப்டன் தலையில் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

பதிலாக இறங்கியவன் நல்ல பையன்தான். அவனால் பாட முடியவில்லை. நாங்கள் தோற்றோம். இடைவேளையிலேயே ஜீப் போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் ஏழு பேரும் ஏழு சீட்டில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு வீட்டுச் சோறு என் மடியில் கனத்தது.

திங்கட்கிழமை காலை நான் யூனிட்டுக்குப் போகிற வழியில் மில் கேட். பதிலிகள் நின்றிருந்தார்கள். அண்ணனும் நின்றிருந்தான், கால் வீங்கி, செருப்பு போட முடியாமல். நோட்டுக்காரர் வந்தார். பெயர்களைக் கூப்பிட்டார். கபடி செட்டில் ஒருவர் பெயரும் வரவில்லை. நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார். கேட் மூடியது. கேப்டன் மட்டும் கொஞ்ச நேரம் மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எங்களைப் பார்க்காமல் நடந்தார். அவர் வாயிலிருந்து பர்வாலேது வரவில்லை.

அண்ணன் சோற்றுத் தூக்கோடு தெருவைக் கடந்து என் பக்கம் வந்தான். மைதானத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசவே இல்லை. கூடவே நொண்டி நடந்தான். எங்கள் யூனிட் திரும்புகிற முக்கு வந்ததும் நின்றான்.

“ஒங்க யூனிட்ல லோடு ஏத்த ஆளு கேட்டாகளா?”

“கேட்டுச் சொல்லுதேன்.”

“கேளு.” கொஞ்சம் யோசித்தான். சொல் வரத் தாமதமானது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். “அந்தத் தராச… பழையபடி திருகி வச்சுட்டியா?”

வைக்கவில்லை. சனிக்கிழமை பூட்டியபடியே கிடந்தது. காலையில் மறுசாவியால் திறந்திருப்பார்கள்; முதல் வண்டித் துணி இந்நேரம் அதன்மேல் ஏறியிருக்கும்.

“ஓடு” என்றான். “ஆஸ்பத்திரிக்குப் போற துணிட்டி. ஓடு.”

ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் அந்த முக்கிலேயே, தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.